பேரியாட்ரிக் ஆபரேஷன் முடிந்த 3-வது வாரம்: எடை குறையாமல் நிற்பது ஏன்? அப்போது செய்யக் கூடாதது என்ன?

உடல் பருமனுக்காக பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டயட்டீஷியனுக்கு போன் போட்டுக் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. "முதல் ரெண்டு வாரம் கிடுகிடுன்னு குறைஞ்சுது. இப்போ பத்து நாளா மெஷின்ல அதே நம்பர் நிக்குது. ஆபரேஷன் வேலை செய்யலையா?"

பெரும்பாலும் 3-வது வாரத்தை ஒட்டித்தான் இந்தக் கேள்வி வரும். சிலருக்கு 2-வது வாரத்திலேயே, சிலருக்கு 5-வது வாரத்தில். ஆங்கிலத்தில் இதற்கு 'தேர்ட் வீக் ஸ்டால்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த அளவுக்கு இது சகஜம்.

ஆபரேஷன் வேலை செய்கிறது. கொழுப்பு கரைவதும் நிற்கவில்லை. மெஷின் காட்டும் எண் மட்டும்தான் நின்றிருக்கிறது. ஆபத்து அந்த எண்ணில் இல்லை. அதைப் பார்த்து பயந்துபோய் "இன்னும் கொஞ்சம் குறைச்சு சாப்பிடலாம்" என்று வீட்டில் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

முதல் 2 வாரங்களில் குறைந்தது எது?

இந்தியாவில் அதிகம் செய்யப்படும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைகளில் ஒன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் இதோடு போய்விடுகிறது. மற்றொன்று 'பைபாஸ்'. இதில் இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பை மட்டும் விடப்பட்டு, அது நேரடியாகச் சிறுகுடலோடு இணைக்கப்படும்.

எதுவானாலும் முதல் சில நாட்களுக்கு வடிகட்டிய சூப், மோர், பருப்புத் தண்ணீர் போன்ற திரவங்கள்தான். ஒரு நாளைக்கு 400 முதல் 600 கலோரி உள்ளே போவதே பெரிய விஷயம். உடம்புக்குத் தேவையோ அதைப் போல மூன்று நான்கு மடங்கு. அந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க உடல் முதலில் கை வைப்பது கொழுப்பில் அல்ல, கிளைக்கோஜனில்.

கிளைக்கோஜன் என்பது கல்லீரலும் தசைகளும் அவசரத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து. பெரியவர் ஒருவரின் உடலில் இது சுமார் அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக, அந்த அரை கிலோ தீரும்போது கூடவே ஒன்றரை கிலோ தண்ணீரும் சிறுநீராக வெளியேறிவிடும். மொத்தம் 2 கிலோ. இதில் கொழுப்பு ஒரு கிராம்கூடக் கிடையாது.

ஆபரேஷனின்போது ஏற்றிய ட்ரிப்ஸ் கணக்கு தனி. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று மெஷினில் ஏறினால், போனபோது இருந்ததைவிட 2, 3 கிலோ அதிகமாகக் காட்டுவதும் உண்டு. அந்தத் தண்ணீர் அடுத்த சில நாட்களில் இறங்கும்போது "ஒரே வாரத்துல 5 கிலோ" என்று வீடே சந்தோஷப்படும். பாதிக் கணக்கு தண்ணீர் என்று அப்போது யாரும் சொல்வதில்லை. அங்கேயே சொல்லியிருந்தால் 3-வது வாரத்து பயத்தில் பாதி குறைந்திருக்கும்.

பிறகு ஏன் நிற்கிறது?

2 வாரம் தாண்டும்போது சாப்பாடு மாறுகிறது. திரவத்திலிருந்து மிக்ஸியில் அடித்த உணவு, குழைந்த பருப்பு, அவித்த முட்டை என்று ஒவ்வொரு படியாக ஏற்றுவார்கள். வலி குறைந்திருக்கும், தண்ணீரும் முன்பைவிட நன்றாக இறங்கும். காலியாகிப்போன கிளைக்கோஜன் கிடங்கை உடல் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பத் தொடங்குகிறது. கிளைக்கோஜன் வந்தால் தண்ணீரும் கூடவே வரும். போன அதே தண்ணீர்தான்.

அறுவை சிகிச்சை என்பதே உடலுக்கு ஓர் அதிர்ச்சி. அந்த நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கச் சொல்கின்றன. இதோடு மலச்சிக்கல். நார்ச்சத்து இல்லாத சாப்பாடு, புரோட்டீன் பவுடர், இரும்புச்சத்து மாத்திரை மூன்றும் சேர்ந்தால் நான்கைந்து நாள் வயிறு நகராது. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன் உடலில் நீர் தேங்கும். அதுவரை நடக்காதவர் திடீரென்று அரை மணி நேரம் நடக்க ஆரம்பித்தால், வலிக்கும் தசைகளும் சில நாட்களுக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். 110 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவழிக்கிறது, அவர் சாப்பிடுவது 600 கலோரி என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை 1,400. வாரத்துக்கு 9,800. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அதாவது வாரம் ஒன்றேகால் கிலோ அளவுக்குக் கொழுப்பு கரைய வேண்டும். அதே வாரத்தில் ஒன்றேகால் கிலோ தண்ணீர் திரும்பி வந்தால்? மெஷின் பூஜ்யம் என்று சொல்லும். கொழுப்பு போனது போனதுதான், ஆனால் அதைக் காட்ட அந்த மெஷினுக்கு வழியில்லை. (நிஜத்தில் கொழுப்போடு கொஞ்சம் தசையும் கரையும் என்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது.)

எடை குறையும்போது உடல் நீரைத் தேக்குவது இந்த ஆபரேஷனோடு பிறந்த விஷயம் அல்ல. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான். உடல் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. ஆனால் கணுக்காலிலும் முகத்திலும் வீக்கம் வந்தது. சதை கரைந்த இடத்தில் நீர் நின்றதால், அவர்கள் உண்மையில் எவ்வளவு இளைத்திருந்தார்கள் என்பதை எடை முழுதாகக் காட்டவில்லை.

"அப்போ இன்னும் குறைச்சு சாப்பிட்டா?"

வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். எண் நகரவில்லை என்றதும் காலைச் சாப்பாடு நிற்கும். அல்லது திரும்பவும் வெறும் திரவத்துக்குப் போய்விடுவார்கள். 'இரைப்பையை ரீசெட் செய்கிறோம்' என்று 5 நாள் திரவ உணவுக்குத் திரும்பச் சொல்லும் வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இரைப்பை ரீசெட் செய்வதற்கு செல்போன் அல்ல. 5 நாள் வெறும் திரவத்தில் இருந்தால் கிளைக்கோஜன் மறுபடி காலியாகும், 2 கிலோ தண்ணீர் மறுபடி போகும், எண் இறங்கும். சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பிய வாரமே அது ஏறிவிடும்.

சொந்தக்காரர்களின் யோசனைகளும் வரும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்று தினமும் மூன்று வேளை கொள்ளு ரசம். கொள்ளு கெட்டது அல்ல. ஆனால் 100 மில்லி பிடிப்பதே சிரமமான வயிற்றில் ரசத்தை ஊற்றிவிட்டால் முட்டைக்கும் மீனுக்கும் இடமிருக்காது. அதைவிடக் கவலை தருவது நாட்டு மருந்து லேகியமும், பேர் தெரியாத 'ஃபேட் பர்னர்' மாத்திரையும். வெட்டித் தைத்த இரைப்பை ஆறிக்கொண்டிருக்கும் நேரம் இது.

இன்னொரு புதிய பழக்கமும் வந்திருக்கிறது. டிர்செபடைட், செமாகுளுடைட் ஊசிகள் 2025-ல் எடை குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, "அதையும் சேர்த்துப் போட்டுக்கலாமா" என்று கேட்பவர்கள் உண்டு. ஆபரேஷன் ஆகி வருடங்கள் கழித்து எடை திரும்ப ஏறுகிறவர்களுக்கு மருத்துவர்கள் இவற்றைப் பரிந்துரைப்பது உண்டுதான். 3-வது வாரத்துத் தேக்கத்துக்கு இது மருந்தே அல்ல. இந்த ஊசிகளின் பொதுவான பக்கவிளைவுகளே குமட்டலும் வாந்தியும். அந்த வாந்திதான் இந்த நேரத்தில் வரவே கூடாதது.

வாந்தியும் குளுக்கோஸ் பாட்டிலும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ உடலால் பெரிதாகச் சேமித்து வைக்க முடியாது. சாப்பாட்டில் வராமல் போனால் சில வாரங்களிலேயே இருப்பு தீர்ந்துவிடும். பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆனவர் சாப்பாட்டை மேலும் குறைத்து, வைட்டமின் மாத்திரையையும் "வயிறு எரியுது" என்று நிறுத்தி, அதற்கு மேல் வாந்தியும் எடுத்தால் தயமின் வேகமாக இறங்கும். அதன் உச்சம் 'வெர்னிக்கே' என்ற மூளைப் பாதிப்பு. பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சிலும் நினைவிலும் குழப்பம் ஆகியவை இதன் அடையாளங்கள். உடனே தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். தாமதித்தால் ஞாபக மறதியும் தள்ளாட்டமும் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

நம் ஊரில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. நாலு நாள் வாந்தி, தலைசுற்றல் என்றால் பக்கத்துத் தெரு கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வந்துடும்" என்று கேட்பது நமக்குப் பழக்கம். குளுக்கோஸை எரிக்க உடலுக்கு தயமின் தேவை. தயமின் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருப்பவருக்கு முதலில் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் அதில் செலவாகி, நிலைமை மோசமாகலாம். அதனால்தான் இவர்களுக்கு குளுக்கோஸுக்கு முன்பாகவோ அதனுடனோ தயமின் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், எவ்வளவு சின்ன கிளினிக்காக இருந்தாலும், "எனக்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கு, இத்தனை நாளா வாந்தி" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பர்ஸில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டாலும் நல்லது.

எடை நிற்கிறதே என்று பட்டினி கிடப்பதால் வரும் மற்ற விளைவுகள் மெதுவாகத் தெரியும். புரதம் போதவில்லை என்றால் தசை கரையும். தசை கரைந்தால் உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரியும் குறையும். அதாவது எடையைக் குறைக்க நினைத்துச் செய்த வேலை, எடை குறைவதையே மெதுவாக்கும். 3, 4 மாதம் கழித்து கொத்துக் கொத்தாக முடி உதிர்வது இந்த ஆபரேஷனுக்குப் பின் பலருக்கும் நடப்பதுதான். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தவர்களுக்கு அது கூடுதலாக இருக்கும்.

60 கிராம் புரதம் எங்கிருந்து வரும்?

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பேரியாட்ரிக் வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு. உடல்வாகைப் பொறுத்து மருத்துவர் இதைக் கூட்டலாம். கேட்க எளிது. நம் சமையலறையில் கணக்குப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு இட்லியில் சுமார் 2. சிறு கிண்ணம் பருப்பில் 5. ஒரு கப் தயிரில் 5. அரை உள்ளங்கை அளவு, அதாவது 50 கிராம் வெந்த மீனில் 11. ரசத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஒரு நாளில் 2 முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சாப்பிட்டாலும் 33 கிராம்தான் ஆகிறது. அதனால்தான் ஆரம்ப மாதங்களில் புரோட்டீன் பவுடரை எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பன்னீரும் சோயாவும் இல்லாமல் இந்த எண்ணைத் தொடுவது சிரமம்.

தட்டில் எதை முதலில் எடுப்பது என்பதும் முக்கியம். முதலில் முட்டை, மீன், பன்னீர். அடுத்து காய். இடம் மிச்சமிருந்தால் சாதமோ இட்லியோ. பிறந்ததிலிருந்து சாதத்தில் குழம்பு ஊற்றிப் பிசைந்து ஆரம்பித்த கைக்கு இது தலைகீழ் வேலைதான். மூன்று நான்கு வாரம் பிடிவாதமாகச் செய்தால் பழகிவிடும்.

தண்ணீர் குறைந்தபட்சம் ஒன்றரை லிட்டர். ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால், விழித்திருக்கும் 15 மணி நேரத்தில் மணிக்கு 100 மில்லி என்று பிரித்துக்கொள்ளலாம். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழிய வேண்டும். நீர் தேங்குகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பது தப்பு. குறைத்தால் மலச்சிக்கலும் தலைசுற்றலும்தான் மிஞ்சும்.

இந்தக் கட்டத்தில் உண்மையிலேயே எடை குறைவதைத் தடுக்கும் உணவு என்று ஒன்று இருந்தால், அது வயிற்றை நிரப்பாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும் உணவு. சர்க்கரை போட்ட ஹார்லிக்ஸ், ஜூஸ், இளநீர் மேல் இளநீர், டீயில் நனைத்த பிஸ்கட், ஜவ்வரிசிக் கஞ்சி. "ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்" என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் குடித்தது சாப்பாடு அல்ல. 3 நாள் வாயில் போனது அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதினால் தெரிந்துவிடும். எழுதிப் பார்த்தும் எல்லாம் சரியாக இருந்தால், எடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காத்திருந்தால் போதும்.

எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது?

தினமும் காலை, மாலை மெஷினில் ஏறி இறங்குபவருக்கு நிம்மதி இருக்காது. உப்பு, தண்ணீர், மலம் இவற்றைப் பொறுத்தே ஒருவரின் எடை ஒரே நாளில் 1, 2 கிலோ மேலும் கீழும் போகும். வாரம் ஒரு நாள், ஒரே மெஷின், காலையில் கழிவறை போய்விட்டு வந்ததும், ஒரே மாதிரி உடை. கூடவே ஒரு தையல் டேப் வைத்து இடுப்பு, தொடை, மேல்கை அளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தால், மெஷின் மறைப்பதை அது காட்டும். எண் நின்றிருக்கும் வாரத்தில் பேன்ட் தளர்வதைப் பலர் கவனித்திருப்பார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு அடையாளம் இருக்கிறது. எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே ரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கும். இது நல்ல செய்தி, ஆனால் பழைய அளவிலேயே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். படபடப்பு வரும், உடனே இனிப்பைத் தின்ன வேண்டிவரும். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் மாத்திரை அளவை மருத்துவர் பார்க்க வேண்டும். தானாக நிறுத்துவதும் கூடாது.

ஸ்லீவ் செய்தவர்கள் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்தில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை குறைவது வழக்கம். 110 கிலோ இருந்தவருக்கு அது 27 முதல் 33 கிலோ. இதில் பெரும்பகுதி முதல் 6 மாதங்களில் குறையும். ஆனால் அந்தக் கோடு சறுக்குமரம் போல ஒரே சீராக இறங்காது, மாடிப்படி மாதிரிதான் இறங்கும். 3-வது வாரப் படிக்குப் பிறகும் வேறு படிகள் வரும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒன்றிலிருந்து 3 வாரம் வரை எண் நிற்பதற்கு அவசரமாகப் போக வேண்டியதில்லை. ஆரம்ப மாதங்களில் 4 வாரத்துக்கும் மேல் எடையும் டேப் அளவும் இரண்டுமே நகரவில்லை என்றால், உணவு நோட்டோடு டயட்டீஷியனைப் பார்க்கலாம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், தைராய்டு குறைபாடு போன்ற காரணங்கள் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் வேறு. தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் வாந்தியாவது, காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, வயிற்றில் கடுமையான வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், மேலே சொன்ன பார்வைக் குழப்பமும் தள்ளாட்டமும். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், முடிந்தால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே.

சில மாதங்கள் கழித்து எடை நின்றுபோன பெண்களிடம் மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்வி, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்பது. பி.சி.ஓ.எஸ். காரணமாக வருடக்கணக்கில் கரு தங்காமல் இருந்தவர்களுக்குக்கூட எடை குறையக் குறைய கருமுட்டை வெளிவரத் தொடங்கிவிடும். தாய்க்கே சத்து போதாத காலம் என்பதால் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். எந்த முறை பொருந்தும் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.